'சுதந்திரம்' என்ற படகும் பாய் தைத்தவளும்

1

'அது சரி, அந்தம்மா என்ன சொன்னாங்க?'

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போனதுதான் இக்கட்டுரை. நண்பர்கள் சிலர் கூடிப் புத்தகம் பேசுகிற இடத்தில், ஜோசுவா ஸ்லோகம் 1890இல் தன் கைக்காசு போட்டு வெளியிட்ட 'லிபர்தாதேயின் பயணம்' என்ற நூலைப் பற்றிப் பேசினேன். பேசினேன் என்பதைவிடப் புகழ்ந்தேன் என்பதே சரி. கப்பல் உடைந்து அந்நியக் கரையில் நின்ற ஒரு குடும்பம், கிடைத்த மரத்தைக் கொண்டு தானே ஒரு பாய்மரப் படகு கட்டி, பிரேசிலில் இருந்து அமெரிக்கா வரை சுமார் 5,500 மைல் கடந்து வந்த கதை. முதலாளி இல்லாத உழைப்பு, வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் சுவர் இல்லாத இருப்பு, இது ஒரு மிதக்கும் கம்யூன் என்றெல்லாம் அளந்துகொண்டே போனேன். கடைசிவரை ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த தோழி ஒருவர், டீ டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டே மேற்படி கேள்வியைக் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். அதிலும் அநேகமாக இல்லை. அது இல்லை என்பதுகூட முதல் வாசிப்பில் எனக்கு உறைக்கவில்லை. ஒரு பிரதியில் என்ன இருக்கிறது என்பதை விட, என்ன இல்லை என்பதை ஏன் நாம் கவனிக்காமல் போகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. ஆகவே இதை ஸ்லோகம் மீதான விமர்சனமாக மட்டும் படிக்க வேண்டாம். என் வாசிப்பு மீதான விமர்சனமும் இதில் இருக்கிறது.

2

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்லோகம் 1844இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே கடலுக்குப் போய், கேப்டனாகி, அமெரிக்கக் குடிமகனானவர். முதல் மனைவி வர்ஜீனியா கப்பலிலேயே அவரோடு வாழ்ந்தார். ஏழு பிள்ளைகள் பெற்றார், நால்வர் தங்கினர். 1884இல் புவனோஸ் ஐரிஸ் அருகே, 'அக்விட்னெக்' என்ற அவர்களுடைய கப்பலிலேயே வர்ஜீனியா இறந்துபோனார். 1886 பிப்ரவரியில் ஸ்லோகம் தன் உறவுக்காரப் பெண்ணான ஹெட்டியை மணந்துகொண்டார். ஹெட்டிக்கு அப்போது இருபத்துநான்கு வயது. கல்யாணமான ஒரு வாரத்துக்குள் அக்விட்னெக் நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவுக்குக் கிளம்பியது. கூடவே மூத்தாள் பிள்ளைகள் இருவர்: விக்டர், கார்ஃபீல்ட். விக்டருக்கும் ஹெட்டிக்கும் பத்து வயதுதான் வித்தியாசம்.

அடுத்த இரண்டு வருஷம் துன்பத்தின் மேல் துன்பம். காலரா பயத்தால் பிரேசில் துறைமுகம் சரக்கை இறக்க விடாமல் திருப்பி அனுப்பியது. 1887இல் அன்டோனினா துறைமுகத்தில் ஒரு ராத்திரி மாலுமிகள் சிலர் தாக்க வந்தார்கள். ஸ்லோகம் சுட்டதில் ஒருவன் செத்தான், இன்னொருவன் காயப்பட்டான். வழக்கு நடந்து, தற்காப்பு என்று விடுதலையானார். அதற்குப் பிறகு கப்பலில் பெரியம்மை வந்து மாலுமிகள் செத்தார்கள். 1887இன் கடைசியில் பரனகுவா விரிகுடாவில், மரச் சரக்கோடு இருந்த கப்பல் மணல்திட்டில் ஏறி உடைந்தது. காப்பீடும் கிடையாது. போனது போனதுதான்.

அங்கே கரையில் படகு கட்டினார்கள். கோடாலி, வாய்ச்சி, ரம்பம், துளைப்பான் என்று மீட்டெடுத்த சொற்பக் கருவிகள். ஆணிகளுக்கு அடியில் போடும் வளையத்துக்குச் செப்புக் காசுகளைத் தட்டிக்கொண்டார்கள். நீளம் 35 அடி, அகலம் ஏழரை அடி, ஆழம் மூன்றடி. உடம்பு அமெரிக்க மீன்பிடிப் படகும் ஜப்பானியச் சாம்பானும் கலந்த மாதிரி. பாய்கள் சீனத்து ஜங்க் பாணி. மூழ்காமல் இருக்க இரு பக்கமும் மூங்கில். பாய்களைத் தைத்தது ஹெட்டி. 1888 மே 13ஆம் தேதி படகு தண்ணீரில் இறங்கியது. அன்றைக்குத்தான் பிரேசில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது. எனவே பெயர் 'லிபர்தாதே'. போர்த்துகீசிய மொழியில் சுதந்திரம்.

ஜூன் 24 அன்று கிளம்பினார்கள். துறைமுக அதிகாரிகளிடம் இப்படியொரு வஸ்துவுக்கு முறையான அனுமதி வாங்க வழியில்லை. கிடைத்தது மீன்பிடிக்கும் உரிமம். 'சுதந்திரம்' மீன்பிடி உரிமத்தோடு கடலுக்குள் போயிற்று! சாண்டோஸ், ரியோ, பஹியா, பெர்னாம்புகோ எனக் கரையை ஒட்டியே வடக்கே ஏறி, அங்கிருந்து பார்படோஸ், போர்ட்டோ ரிக்கோ வழியாக அக்டோபர் 28 அன்று தென் கரோலினா கரையைத் தொட்டார்கள். டிசம்பர் 27 அன்று வாஷிங்டன்.

இவ்வளவுதான் கதை. சாகசம் என்று பார்த்தால் அசாத்தியமானது, மறுக்கவில்லை.

3

படகு என்றாலே விடுதலை என்று நாம் ஏன் நினைக்கிறோம்?

ரொலான் பார்த் 1957இல் வெளிவந்த தன் 'தொன்மங்கள்' நூலில் ழூல் வெர்னின் நாட்டிலஸ் கப்பலைப் பற்றிப் பேசுகிறார். கப்பல் புறப்பாட்டின் குறியீடு என்பது மேலோட்டமான எண்ணம். ஆழத்தில் அது மூடிக்கொள்ளுதலின் குறியீடு என்கிறார். வெளியே அலை அடிக்கட்டும், மழை கொட்டட்டும், உள்ளே நமக்கென்று எண்ணி வைத்த பொருள்கள், நமக்கென்று ஓர் அளவான உலகம். சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் போர்வையைத் தொங்கவிட்டு வீடு கட்டி விளையாடுவோமே, அந்தச் சந்தோஷம். இந்தச் சந்தோஷம் உடைமையின் சந்தோஷம் என்பதைப் பார்த் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

மிஷேல் ஃபூக்கோ வேறு பக்கமிருந்து வருகிறார். 1967இல் பேசி 1984இல் அச்சான உரை ஒன்றில், சமூகத்தின் எல்லா இடங்களையும் பிரதிபலித்தபடியே அவற்றுக்கு எதிராகவும் நிற்கும் 'வேற்றிடங்கள்' பற்றிச் சொல்லி, அவற்றில் தலையாயது கப்பல் என்று முடிக்கிறார். எந்த இடத்தையும் சேராத இடம். ஆனால் துறைமுகத்துக்குத் துறைமுகம், காலனிக்குக் காலனி போய்வரும் இடம். கப்பலை அவர் கனவின் களஞ்சியம் என்று கொண்டாடுகிற அதே மூச்சில் அது ஐரோப்பாவின் பொருளாதாரக் கருவியாகவும் இருந்ததை ஒத்துக்கொள்கிறார். நம்மூர் ஃபூக்கோ ரசிகர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நானும் அன்றைக்கு அதைத்தான் செய்தேன்.

பால் கில்ராய் 1993இல் எழுதிய 'கறுப்பு அட்லாண்டிக்' இந்த இரண்டையும் தலைகீழாகத் திருப்புகிறது. அட்லாண்டிக் கடலில் கப்பல் என்றால் கறுப்பு மக்களின் நினைவில் முதலில் வருவது அடிமைக் கப்பல். நவீனத்துவமே அந்தக் கப்பலின் அடித்தளத்திலிருந்துதான் எழுதப்பட வேண்டும் என்பது அவர் வாதம். ஆக, ஒரே கடல். ஒருவனுக்குப் போர்வை வீடு, இன்னொருவனுக்குக் கனவு, மற்றவனுக்குச் சங்கிலி. லிபர்தாதே போன பாதையை இந்த மூன்று கண்ணாலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

4

ஸ்லோகமின் கடல் வாழ்க்கையை மூன்று படகுகளாக வரிசைப்படுத்திப் பாருங்கள். அக்விட்னெக், லிபர்தாதே, ஸ்ப்ரே. இலக்கிய வரலாறு இதை ஒரு வீரனின் வளர்ச்சியாகச் சொல்கிறது. உழைப்பு உறவுகளின் வரலாறாகச் சொன்னால் கதை வேறு.

அக்விட்னெக்கில் கூலிக்கு மாலுமிகள். அவர்கள் கூலி கேட்பார்கள், ஓடிப்போவார்கள், கலகம் செய்வார்கள், நோய் வந்து சாவார்கள். ஸ்லோகமின் எழுத்தில் அந்த மாலுமிகள் பெரும்பாலும் போக்கிரிகளாகவே வருகிறார்கள். இருக்கலாம், ராத்திரியில் கொலை செய்ய வந்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கப்பல் வேலையின் சட்டகமே, ஒருவன் சொல்ல மற்றவர் கேட்பது என்ற அடிப்படையில் நின்றது என்பதையும், நமக்குக் கிடைத்திருப்பது கேப்டனின் சொல்லாடல் மட்டுமே என்பதையும் மறந்துவிட முடியாது.

லிபர்தாதேயில் மாலுமி யார்? கேப்டனே பெருமையோடு கணக்குச் சொல்கிறார்: மூத்த மகன் தச்சன், கயிறு திரிப்பவன், எடுபிடி. மனைவி பாய் தைப்பவர். ஏழு வயதுக் கார்ஃபீல்டுக்கும் ஒரு வேலை உண்டு. கூலிக் கணக்கு கிடையாது. கலகம் கிடையாது. இரண்டு வருஷமாக மாலுமிகளோடு மல்லுக்கட்டிய ஒரு கேப்டனுக்குக் கடைசியில் கிடைத்த அப்பழுக்கில்லாத குழு அவருடைய குடும்பம்தான். கூலி கேட்காத, ஓடிப்போக முடியாத, எதிர்த்து நின்றால் 'கலகம்' என்றல்ல 'மனஸ்தாபம்' என்று பெயர் வாங்குகிற குழு. 'குடும்பம் ஒரு குழுவாக இயங்கியது' என்று நாம் மெய்சிலிர்க்கும் வாக்கியத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் 'குழுவின் இடத்தில் குடும்பம் வைக்கப்பட்டது' என்று வரும்.

மூன்றாவது ஸ்ப்ரே. 1895இல் கிளம்பி 1898இல் திரும்பி, உலகைத் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் சுற்றிய முதல் மனிதர் என்ற புகழை வாங்கித்தந்த படகு. அதில் குடும்பமும் இல்லை. கூலி உழைப்பிலிருந்து குடும்ப உழைப்பு, அங்கிருந்து தனிமனித உழைப்பு. பிறர் உழைப்பே தேவைப்படாத தன்னிலை என்ற முதலாளியத்தின் பெருங்கனவு அங்கே நிறைவேறியது போலத் தோன்றுகிறது. தோன்றுகிறதே தவிர, நிறைவேறவில்லை. அசோர்ஸ் தீவுகளைத் தாண்டியதும் அவர் வயிற்றுவலியில் சுருண்டு விழுகிறார். மயக்கத்தில் பார்த்தால் சுக்கானைப் பிடித்தபடி ஓர் ஆள் நிற்கிறான். யார் என்றால், கொலம்பஸின் 'பின்டா' கப்பல் மீகாமனாம்! தனியாகப் போகிறவனுக்கும் ராத்திரியில் படகைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளும் கூலி வாங்காதவன். அவனையும் கொலம்பஸின் கப்பலிலிருந்தே கூப்பிட வேண்டியிருந்தது என்பதை ஒரு தற்செயல் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

இங்கே ஸ்லோகமுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவரும் தோற்கடிக்கப்பட்ட ஒரு வர்க்கத்தின் ஆள்தான். 1869இல் சூயஸ் திறந்த பிறகு நீராவிக் கப்பல்கள் சரக்கையெல்லாம் அள்ளிக்கொண்டன. சொந்தக் கப்பலை ஓட்டிய பாய்மரக் கேப்டன்கள், ஆலைத் துணி வந்ததும் தறியை இழந்த நெசவாளிகளைப் போல நின்றார்கள். லிபர்தாதேயின் பயணத்தில் இதற்கு ஒரு காட்சியே இருக்கிறது. கிளம்பிய கொஞ்ச நாளில் சூறைக்காற்று அடித்துப் பாய்கள் கிழிந்து போகின்றன. பழைய துணி, எவ்வளவுதான் தாங்கும்? சாண்டோஸிலிருந்து ரியோ வரை 'ஃபைனான்ஸ்' என்ற நீராவிக் கப்பல் கயிறு கட்டி இழுத்துப் போகிறது. கப்பலின் பெயரைக் கவனியுங்கள்: நிதி! 'நிதி' இழுக்க, 'சுதந்திரம்' பின்னால் தத்தளித்துக்கொண்டு போகிறது. நாவலில் ஒருவன் இப்படி எழுதினால் ரொம்பச் செயற்கை என்று நாமே திட்டுவோம்.

அந்த இரவும் பகலும் ஸ்லோகம் படகில் சுக்கானைப் பிடித்திருக்கிறார். விக்டர் கையில் கோடாலியோடு நிற்கிறான், ஆபத்தென்றால் கயிற்றை வெட்ட. ஹெட்டியும் கார்ஃபீல்டும் நீராவிக் கப்பலில் பயணிகளாக. கணவனும் மூத்தாள் மகனும் ஒரு கயிற்றின் நுனியில் அலைக்குள் முங்கி முங்கி எழுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் ஏழு வயதுப் பிள்ளையோடு அந்தக் கப்பலில் இருந்திருக்கிறாள். புத்தகம் படகிலிருந்து கப்பலைப் பார்க்கிறது. கப்பலிலிருந்து படகைப் பார்ப்பது அதற்குத் தெரியவில்லை. அந்த ஒரு ராத்திரியை ஹெட்டி எழுதியிருந்தால் அதுதான் இந்தப் பயணத்தின் ஆகச்சிறந்த அத்தியாயமாக இருந்திருக்கும்.

5

அப்படியானால் ஹெட்டி எங்கேதான் வருகிறார்? மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, அன்டோனினாவில் அந்த ராத்திரி. தளத்தில் ஏதோ சரியில்லை என்று முதலில் உணர்ந்து கணவனை எழுப்பியது அவர்தான். எழுப்பாமல் இருந்திருந்தால் லிபர்தாதேயும் இல்லை, ஸ்ப்ரேயும் இல்லை. பிரதியில் அவர் குரல் கேட்கிற இடம், எச்சரிக்கை மணியாக.

இரண்டு, பாய் தைத்தது. இதை ஸ்லோகம் மறைக்கவில்லை. 'மேடம்' செய்த பாய்கள், நல்ல பாய்கள் என்று மெச்சுகிறார். மெச்சுவதில் பொய் இல்லை. ஆனால் மெச்சுதலின் இலக்கணத்தைப் பாருங்கள். படகின் உடம்பை எந்த மாதிரியில் வடிவமைத்தார், எந்த மரம், எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அறிவாக, தொழில்நுட்பமாக எழுதப்படுகிறது. பாய் தைத்தது ஒரு பாராட்டு வாக்கியமாக முடிந்துவிடுகிறது. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், எத்தனை நாள் ஆயிற்று, ஊசி குத்திய விரல் என்னவாயிற்று என்பதெல்லாம் தொழில்நுட்பம் இல்லையா? பாய் இல்லாத பாய்மரப் படகு வெறும் மரத் தொட்டி. பயணத்தின் இயந்திரத்தையே செய்தவர், பயணத்தின் அலங்காரமாக ஆகிவிடுகிறார்.

மூன்றாவது இடம் கடைசியில் வருகிறது. பயணம் முடிந்ததும் ஸ்லோகம் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கணக்குக் கொடுக்கிறார். விக்டர் ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறான். கார்ஃபீல்டும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறான். கரையில் கயிறு கட்டத் தயாராக நின்றவன் அவனே. கேப்டன் தன்னைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார். சில பவுண்டு இளைத்திருக்கிறார். மனைவி? தைரியசாலி, நல்ல ஆரோக்கியம், முகத்தின் நிறம் மெருகேறியிருக்கிறது.

தோழியின் கேள்விக்குப் புத்தகம் தருகிற பதில் இதுதான். அந்தம்மா என்ன சொன்னாங்க? அந்தம்மாவுக்கு முகம் பளபளன்னு ஆயிடுச்சு.

இதில் ஸ்லோகம் வேடிக்கையாக எழுதுகிறார், அன்போடும்தான் எழுதுகிறார். அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்பின் மொழிக்குள்ளேயே அதிகாரம் எவ்வளவு சொகுசாகக் குடியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். நால்வரும் உடல்களாக எண்ணப்படுகிறார்கள், எண்ணுகிறவர் ஒருவர். தன்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் பெருந்தன்மைகூட எண்ணுகிறவருக்கே உரிய சலுகை.

இந்தப் புத்தகத்தைத் தமிழில் பெயர்க்க யாராவது உட்கார்ந்தால் ஒரு சிக்கல் வரும். அங்கே ஒரே சொல், நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு. சாதாரணமாக 'நாங்கள்' என்று போட்டுவிடுவோம். வாசகனை விட்டுவிட்டு, படகில் இருப்பவர்கள் என்று அர்த்தம். ஆனால் அந்தப் படகில் இருப்பவர்களுக்குள்ளேயே அந்தச் சொல்லைக் கூடிப் பேசி முடிவெடுத்தவர்களின் 'நாம்' ஆக மாற்ற முடியுமா? கட்டுவோம், கிளம்புவோம், இந்த வழியாகப் போவோம் என்று நால்வரும் உட்கார்ந்து பேசினார்களா? ஹெட்டியின் 'நாம்' அந்தப் புத்தகத்தில் எங்கும் உரக்கக் கேட்கவில்லை. 'நாங்கள்' என்பதற்குள் ஒருத்தி காணாமல் போவது ரொம்ப சுலபம். நம் சங்கக் கூட்டத் தீர்மானங்களை எடுத்துப் பாருங்கள், தெரியும்.

பின்னால் நடந்ததும் ஒரு வகையில் பதில்தான். ஹெட்டி அதன் பிறகு கணவரோடு பெருங்கடல் பயணம் எதற்கும் போகவில்லை. ஸ்ப்ரேயில் அவர் மூன்று வருஷம் உலகைச் சுற்றியபோது கரையிலேயே இருந்தார். விக்டர் 1950இல் தந்தையின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். கார்ஃபீல்டின் நினைவுகள் வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் வால்டர் டெல்லருக்கு எழுதிய கடிதங்கள் வழியே கிடைத்தன. நால்வரில் மூவருக்குப் பிரதி இருக்கிறது. நாலாமவருக்கு ஒரு மறுப்பு மட்டும் இருக்கிறது. பேச முடியாதவர்களின் பேச்சை எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு: சில சமயம் அது 'நான் வரல' என்பதில் இருக்கிறது.

6

இனி அந்தப் பெயர். மே 13.

'பொற்சட்டம்' என்று பிரேசிலில் அழைக்கப்படும் 1888ஆம் ஆண்டுச் சட்டம், அரசர் வெளிநாட்டில் இருக்க, இளவரசி இசபெல் கையெழுத்திட்டது. இரண்டே விதிகள். ஒன்று, இன்றுமுதல் அடிமை முறை ஒழிந்தது. இரண்டு, இதற்கு மாறான சட்டங்கள் ரத்து. அவ்வளவுதான். நிலம் இல்லை, இழப்பீடு இல்லை, கூலி பாக்கி இல்லை. அப்போதும் சட்டப்படி அடிமைகளாக இருந்தவர்கள் சுமார் ஏழு லட்சம் பேர். அதற்கு முன் மூன்று நூற்றாண்டுகளில் பிரேசிலுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 48 லட்சம். உலகில் வேறெந்த நாட்டுக்கும் இத்தனை பேர் கொண்டுபோகப்படவில்லை. லிபர்தாதே நின்று தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்ட பஹியா, பெர்னாம்புகோ, ரியோ எல்லாம் அவர்கள் இறக்கப்பட்ட கரைகள்.

குடும்பம் என்ற பொருளில் நாம் பேசிக்கொண்டிருப்பதால் இன்னொரு சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1871இல் வந்த 'சுதந்திரக் கருப்பை' சட்டம். அதன்படி அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை சுதந்திரமானது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? குழந்தை எட்டு வயது வரை தாயின் எஜமானிடம்தான் இருக்க வேண்டும். அதன் பிறகு எஜமான் அரசிடம் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம், அல்லது இருபத்தோரு வயது வரை வேலை வாங்கிக்கொள்ளலாம். பிள்ளை சுதந்திரம், தாய் அடிமை, வேலை எஜமானுக்கு. ஏழு வயதுக் கார்ஃபீல்ட் தகப்பனின் படகில் கயிறு பிடித்த அதே வருஷம், அதே கரையில், அதே வயதுக் குழந்தைகளுக்குச் சட்டம் வகுத்திருந்த குடும்பம் இது.

இங்கே அவசரப்பட்டு ஒரு சமன்பாடு போட்டுவிடக் கூடாது. ஹெட்டியின் நிலையும் அடிமைப் பெண்ணின் நிலையும் ஒன்று என்று சொல்வது அபத்தம். அது இரண்டாவது பெண்ணை இன்னொரு முறை விற்பதாகும். ஹெட்டிக்குக் கடைசியில் 'வரல' என்று சொல்லும் இடம் இருந்தது. நான் சொல்ல வருவது வேறு. 'சுதந்திரம்' என்ற சொல்லை ஒரு சமூகத்தின் மீதிருந்து உரித்தெடுத்து, தன் குடும்பச் சாகசத்தின் நெற்றியில் ஒட்டிக்கொள்வது எவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது! ஸ்லோகமுக்கு அது நல்ல எண்ணம்தான். வாழ்த்துகிற மனசோடு வைத்த பெயர்தான். ஆனால் பெயர்க் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பிரதி காற்றுக்கும் அலைக்கும் போய்விடுகிறது. விடுதலையானவர்கள் மறுநாள் காலை எங்கே போனார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பது படகின் பாதையில் இல்லை.

பிரேசிலின் கறுப்பு இயக்கங்கள் இந்த மே 13ஐ என்ன செய்தார்கள் என்பது நமக்கு முக்கியம். 1971இல் போர்ட்டோ அலெக்ரே நகரில் 'பால்மாரெஸ் குழு' என்ற சிறு குழு, இளவரசி தந்த நாள் எங்களுக்கு வேண்டாம் என்றது. தப்பியோடிய அடிமைகளின் குடியரசான பால்மாரெஸின் தலைவன் சூம்பி, 1695 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்டவன். அந்த நாளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சிறு குழு எடுத்த நாள் 2023இன் சட்டத்தால் நாடு முழுவதற்குமான விடுமுறையாகி, 2024 முதல் அப்படியே கடைப்பிடிக்கப்படுகிறது. அருளப்பட்ட சுதந்திரத்தின் தேதியை மறுத்து, பொருதிய சுதந்திரத்தின் தேதியை முன்வைத்தது ஒரு விமர்சனச் செயல். ஐம்பது வருஷம் பிடித்த விமர்சனம்.

லிபர்தாதே பார்படோஸைத் தொட்டது என்றேன். அதற்கு வடமேற்கே உள்ள தீவுகள் மார்த்தினிக், குவாதலூப். 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு அங்கே கரும்பு வெட்ட ஆள் வேண்டி, 1853 முதல் பிரெஞ்சுக்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து போனவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மனைவி, கைக்குழந்தை, மாதக்கணக்கில் கடல். அதுவும் கப்பலில் குடும்ப வாழ்க்கைதான். அவர்களிடமிருந்து 'பயணம்' என்று ஒரு நூல் வரவில்லை. கடலில் குடும்பம் நடத்திய இலக்கியம் என்ற வகைமைக்குள் யார் வரலாம் என்பதையே படகு யாருடையது என்ற கேள்விதான் தீர்மானிக்கிறது.

7

நண்பர் ஒருவர் கேட்டார்: '1888ல இருந்தவன்கிட்ட போயி இன்னைக்கு உள்ள பெண்ணியத்தைக் கேட்டா எப்படி?' நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். ஸ்லோகமைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. அவர் கட்டிய படகு நிஜம், கடந்த கடல் நிஜம். நான் கூண்டில் ஏற்றுவது, அந்தக் குடும்பத்தை 'மிதக்கும் கம்யூன்' என்று இன்றைக்கு உட்கார்ந்து வாசித்த என்னை. 1888இல் அவர் விட்ட இடைவெளியை நான் ஏன் அப்படியே தாண்டினேன்? எனக்கும் அந்த இடைவெளி சௌகரியமாக இருந்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

நம் சிறுபத்திரிகை மரபில் ஒரு வாக்கியம் உண்டு. 'மனைவியின் நகையை அடகு வைத்துப் பத்திரிகை நடத்தினார்.' எத்தனை நினைவுக் கட்டுரைகளில் இதைப் படித்திருக்கிறோம், எத்தனை மேடையில் கண்கலங்கக் கேட்டிருக்கிறோம். தியாகம் யாருடையது? வாக்கியத்தின் எழுவாய் யார்? நகை அவளுடையது, தியாகம் அவனுடையது. பாய் அவள் தைத்தது, பயணம் அவனுடையது. அப்படி நின்றுபோன இதழ்களில் என் பெயரில் வந்த இரண்டும் உண்டு. அடகுக் கடைக்குப் போன வளையல் திரும்பி வரவில்லை. அந்த இதழில் ஃபூக்கோவைப் பற்றித்தான் எழுதியிருந்தேன், அதிகாரம் எங்கும் பரவியிருக்கிறது என்று.

அப்படியானால் சேர்ந்து உழைக்கும் வாழ்க்கை என்ற கனவையே கைவிடுவதா? இல்லை. லிபர்தாதேயில் கைவிடக் கூடாத ஒன்று இருக்கிறது. எல்லாம் போன பிறகு, கைக்குக் கிடைத்ததை வைத்து, ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து, ஓட்டை ஒழுகலோடு ஒன்றைக் கட்டிக் கிளம்புவது. இயக்கங்களும் பத்திரிகைகளும் வேறெப்படிக் கிளம்புகின்றன? கேட்க வேண்டியது, கட்டிய பிறகு பெயர் வைத்தது யார், திசை சொன்னது யார், இறங்கிய பின் கணக்குச் சொன்னது யார், 'நான் வரல' என்று சொன்னவளின் பேச்சைப் பதிவுப் புத்தகத்தில் எழுதினோமா என்பதைத்தான்.

அடுத்த கூட்டத்தில் இந்தக் கட்டுரையை வாசித்தேன். தோழி கேட்டுவிட்டு, 'இதையும் நீங்கதானே எழுதியிருக்கீங்க?' என்றார்.

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. டம்ளர்களை அன்றைக்கு நான் கழுவினேன் என்று எழுதினால் அதுவும் மெச்சிக்கொள்வதாகிவிடும்.